ரகசியம் காப்போரின் சங்கம்

தகவல் காப்பிலும் தொழிற்சாலைக் காப்பிலும் பணிபுரிவோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



வைத்தியர்களுக்குச் சங்கம் உண்டு, வக்கீல்களுக்கு உண்டு, கணக்குத் தணிக்கை செய்வோருக்கும் எஞ்சினியர்களுக்கும் உண்டு, தங்கள் தொழிலின் நுட்பங்களைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் ஒரு தொழிற்சாலையின் வரைபடங்களையும் ஒரு கணிப்பொறி நிலையத்தின் தகவல்களையும் அந்நியர் கண்ணில் படாமல் காத்து நிற்பதையே உத்தியோகமாகக் கொண்ட ஒருவர், அதே உத்தியோகத்தில் வேறோரிடத்தில் இருக்கும் மற்றொருவரோடு உட்கார்ந்து பேசலாமா, பேசினால் எதைப் பேசலாம், அதற்கென்று ஒரு சங்கத்தில் சேர்வது தாம் ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கே விரோதமாகிவிடாதா என்ற ஐயம் உங்களில் பலருக்கு இருக்கிறது என்பதை, இந்தச் சபையைக் கூட்டியவர்கள் எனக்கு அனுப்பிய கேள்விகளிலிருந்தே தெரிந்துகொண்டேன். அந்த ஐயம் நியாயமானது. அதைப் பரிகசிக்க நான் வரவில்லை. ஆயினும் என்னுடைய அபிப்பிராயம் அதற்கு நேர் எதிரானது. ரகசியம் காக்கும் உத்தியோகத்தில் தனிமையே பெரிய அபாயம். தன்னைப் போன்றவர்களோடு பழகாத காவலாளி, நாளடைவில் ஒன்று அசட்டையாகிவிடுகிறான், அல்லது கண்டதையெல்லாம் சந்தேகிக்கும் கொடியவனாகிவிடுகிறான். இவ்விரண்டுக்கும் சரித்திரத்தில் சாட்சியம் இருக்கிறது.

அந்தச் சாட்சியத்தை அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அங்கேதான் அரசாங்கத்தின் யுத்த ரகசியங்கள் மிகப் பெருமளவில் தனியார் தொழிற்சாலைகளின் அலமாரிகளில் குடியேறின. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் விமானமும் ஏவுகணையும் ரேடாரும் செய்பவர்கள் கம்பெனிக்காரர்கள். அவற்றை வாங்குகிறவர் அரசாங்கத்தார். வரைபடம் கம்பெனியின் மேஜைமேல் இருக்கிறது, அதன் ரகசியமோ அரசாங்கத்துக்குச் சொந்தமானது. 1953ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பிறப்பித்த உத்தரவு, அதுவரை நான்கு படியாக இருந்த முத்திரைகளில் அடிப்படியை நீக்கி, டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல் என்ற மூன்றை மட்டும் வைத்தது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, மூன்றே முத்திரை. ஆனால் எந்தத் தாளுக்கு எந்த முத்திரை? ஒப்பந்தத்தோடு அரசாங்கம் ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்புகிறது. இந்த வேலையில் இன்னின்ன விஷயங்கள் இன்னின்ன படியைச் சேர்ந்தவை என்று அதில் கண்டிருக்கும். அதற்குப் பின் அந்தத் தொழிற்சாலையில் எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கையிலும், ஒவ்வொரு பாராவின் தலைப்பிலும், அந்தப் பாரா எந்தப் படியைச் சேர்ந்தது என்று குறித்தாக வேண்டும். குறிப்பவர் அதை எழுதிய எஞ்சினியர். அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய இடம் காப்பு அதிகாரியின் அறை.

சந்தேகம் வரும்போது மனித சுபாவம் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். குறைவாக முத்திரையிட்டால் தண்டனை வரலாம். அதிகமாக முத்திரையிட்டதற்காக எவரும் தண்டிக்கப்படுவதில்லை. ஆகவே எல்லாம் உயர்ந்த படிக்கே போய்ச் சேர்ந்தன. 1956இல் பாதுகாப்பு இலாகா சார்ல்ஸ் கூலிட்ஜ் என்பவரின் தலைமையில் நியமித்த குழு இதை ஆராய்ந்து, அளவுக்கு மீறி முத்திரையிடுவது பெருங்குறையாக வளர்ந்துவிட்டது என்றே கண்டது. எல்லாவற்றையும் ரகசியமென்று சொல்லிவிட்டால் எதுவுமே ரகசியமில்லை என்றாகிவிடும், அக்கறையில்லாதவர்கள் முத்திரையை மதிக்கமாட்டார்கள் என்ற கருத்தை, ரகசிய யுத்த ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டது பற்றி 1971இல் நடந்த பென்டகன் ஆவண வழக்கில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் தம்முடைய தனித் தீர்ப்புரையில் எழுதி வைத்தார்.

இந்தக் குழப்பத்தின் நடுவிலேதான் 1964ஆம் ஆண்டில் நேஷனல் கிளாஸிஃபிகேஷன் மேனேஜ்மென்ட் சொஸைட்டி என்ற சங்கம் பிறந்தது. இன்று அது தொழிற்சாலைக் காப்பு நிபுணர்களின் சங்கம் என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. அந்தச் சங்கத்தைப் பற்றி நான் முக்கியமாகக் கருதுவது அதன் வயதையோ உறுப்பினர் தொகையையோ அன்று. ஒப்பந்தத்தின் இரு பக்கத்தாரும், அதாவது முத்திரையிடும் அரசாங்க உத்தியோகஸ்தரும் அந்த முத்திரையைச் சுமக்கும் கம்பெனி உத்தியோகஸ்தரும், அங்கே சம அந்தஸ்தோடு ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். அலுவலகத்தில் ஒருவர் பரிசோதகர், மற்றவர் பரிசோதிக்கப்படுபவர்; சங்கத்தில் இருவரும் ஒரே தொழிலின் மாணவர்கள். ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது என்று பயமில்லாமல் கேட்பதற்கு இதைவிட உகந்த இடம் இல்லை.

விதிப் புத்தகத்தில் இல்லாதது சங்கத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒரு சிறு காரியத்தை அருகிலிருந்து பார்ப்போம். அமெரிக்கத் தொழிற்சாலையில் ரகசியத் தாள் வைக்கும் இரும்புப் பெட்டகத்தின்மேல் கட்டம் கட்டிய ஓர் அட்டை இருக்கும்: தேதி, திறந்தவர், பூட்டியவர், சரிபார்த்தவர், ஒவ்வொருவரும் தம் பெயரின் முதலெழுத்தையும் மணியையும் எழுத வேண்டும். இழுப்பறையின் முகப்பில், திறந்திருக்கிறது என்று ஒரு பக்கமும் பூட்டியிருக்கிறது என்று மறுபக்கமும் எழுதிய காந்தப் பலகை ஒட்டியிருக்கும். மேஜைமேல் கிடக்கும் தாள்களுக்கு நிறத்தால் அடையாளம். மேலட்டை ஆரஞ்சாக இருந்தால் டாப் சீக்ரெட், சிவப்பானால் சீக்ரெட், நீலமானால் கான்ஃபிடென்ஷியல். மாலையில் பூட்டுகிறவர் எண்பூட்டின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஒவ்வோர் இழுப்பறையையும் இழுத்துப் பார்க்கிறார். பிறகு இன்னொருவர் வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார். முதல் மாதம் இது ஒழுங்காக நடக்கும். ஆனால் ஒரு நாளும் திறந்திராத இழுப்பறையை எத்தனை நாள் ஒருவர் மனம் ஊன்றி இழுத்துப் பார்ப்பார்? ஆறு மாதத்தில் இரண்டாமவர் இழுக்காமலேயே எழுத்துப் போடத் தொடங்குகிறார். ஒரு வருஷத்தில் முதலாமவரே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போகிறார். விதிப் புத்தகம் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் கேட்கும். பழைய அட்டைகளை வரிசையாக எடுத்து வைத்து, பூட்டிய மணியும் சரிபார்த்த மணியும் எல்லா நாளும் ஒரே நிமிஷமாகவும், இரண்டும் ஒரே பேனாவின் மசியாகவும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பவர், இதே வேலையில் தலை நரைத்த மனிதர் ஒருவரே. அவரைச் சந்திக்கும் இடத்தைத்தான் சங்கம் என்கிறேன்.

இந்த அசட்டை முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு, கலிபோர்னியாவில் ரெடாண்டோ பீச் என்ற கடற்கரை ஊரில் டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிறிஸ்டோபர் பாய்ஸ் என்ற இளைஞன் 1974இல் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தான். வயது 21, வாரச் சம்பளம் 140 டாலர். தகப்பனார் முன்னாள் எஃப்.பி.ஐ. உத்தியோகஸ்தர், குடும்ப நண்பர் ஒருவர் சிபாரிசு. சில மாதங்களுக்குள் உளவுச் செயற்கைக்கோள்களைப் பற்றிய செய்திகள் வந்து போகும் பூட்டிய அறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கிருந்து தாள்களை எடுத்து, டால்டன் லீ என்ற தன் பால்ய சிநேகிதன் மூலம் மெக்ஸிகோ நகரத்திலிருந்த சோவியத் தூதரகத்துக்கு விற்றான். 1977 ஜனவரியில் இருவரும் பிடிபட்டார்கள். பாய்ஸுக்கு நாற்பது வருஷம், லீக்கு ஆயுள் தண்டனை. 1985இல் சிறையிலிருந்து வந்து செனட் உபகுழுவின் முன் பாய்ஸ் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ரகசியக் குறியீடுகளை அழிப்பதற்கென்று வைத்திருந்த யந்திரத்தில் மதுபானம் கலக்கிக் குடித்தார்கள் என்றும், சங்கேத யந்திரங்களுக்குப் பின்னால் மதுப்புட்டி இருந்ததென்றும், அனுமதி கொடுக்குமுன் நடந்த விசாரணையில் தன் சிநேகிதர்களில் ஒருவரைக்கூட எவரும் கேட்கவில்லை என்றும் அவன் சொன்னான்.

அந்தக் காலத்தில் சங்கம் இருக்கத்தான் இருந்தது; பத்து வயதையும் கடந்திருந்தது. ஆகையால் சங்கம் ஒன்று இருந்துவிட்டால் துரோகம் நடவாது என்று நான் வாதிக்கவில்லை. நான் சொல்வது வேறு. அந்த அறைக்குள் நுழைய அனுமதி பெற்றவர் சிலரே. அவர்களைத் தவிர அங்கே நடப்பதைப் பார்ப்பவர் இல்லை. பார்த்தவர்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. வேறு தொழிற்சாலையில் இதே போன்ற அறையை நடத்தும் ஒருவரோடு மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுகிற அதிகாரிக்கு, தம்முடைய அறையின் வழக்கம் உலக வழக்கமல்ல என்பது என்றைக்காவது உறைக்கும்.

சங்கத்தில் கூடிப் பழகினால் ஒற்றர்கள் அங்கேயும் வரமாட்டார்களா என்று ஒரு நண்பர் எழுதிக் கேட்டிருக்கிறார். வருவார்கள். ஆனால் ஒற்றன் எப்படிப்பட்டவனைத் தேடுகிறான் என்பதை வில்லியம் பெல் என்பவரின் கதை காட்டுகிறது. அவர் ஹியூஸ் விமானக் கம்பெனியில் நெடுங்காலம் பணிபுரிந்த ரேடார் எஞ்சினியர். மகன் இறந்துவிட்டான், விவாகம் முறிந்தது, கடன் கழுத்தை நெரித்தது. அவர் குடியிருந்த அடுக்கு வீட்டிலேயே மரியன் ஸகார்ஸ்கி என்ற போலந்து தேசத்து இளைஞன் குடியிருந்தான். யந்திரம் விற்கும் கம்பெனியின் பிரதிநிதி என்பது வெளி வேஷம். டென்னிஸ் ஆடக் கூப்பிட்டான், தோழனானான், கடனுக்குக் கைகொடுத்தான், பிறகு தாள்களைக் கேட்டான். ஏறக்குறைய 1,10,000 டாலருக்கு ரேடார் ரகசியங்கள் போய்விட்டன. 1981இல் பெல் பிடிபட்டு எட்டு வருஷத் தண்டனை பெற்றார். எல்லாரோடும் கலகலப்பாகப் பழகி வந்த மனிதரை ஸகார்ஸ்கி பிடிக்கவில்லை; பேச்சுத் துணைக்கு ஏங்கிக் கிடந்தவரைத்தான் பிடித்தான். அத்தனை வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவரின் கஷ்டம் கம்பெனியில் யார் காதிலாவது விழுந்து, நாலு வார்த்தை ஆறுதலும் சம்பள முன்பணமும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல முறை யோசித்ததுண்டு. பெட்டகத்தின் எண்ணை மாற்றுவது அரை மணி நேரத்து வேலை. சக ஊழியரின் முகவாட்டத்தைக் கவனிக்கக் கற்பதற்கு வருஷங்கள் வேண்டும்.

அசட்டையின் கதையைச் சொன்னேன். கொடுமையின் கதையையும் சொல்லாவிட்டால் ஒருதலையாகிவிடும். மேரிலாந்து மாகாணத்தில் எர்கோ என்ற கம்பெனியில் உதவித் தலைவராகவும் பொது நிர்வாகியாகவும் இருந்தவர் வில்லியம் கிரீன் என்ற விமான எஞ்சினியர். 1953இல் அவருடைய ரகசிய அனுமதி ரத்து செய்யப்பட்டது. அவர்மேல் புகார் சொன்னவர்கள் யார், என்ன சொன்னார்கள் என்பது அவருக்குக் காட்டப்படவில்லை. அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் இடமில்லை. அனுமதி போனதும் உத்தியோகம் போயிற்று. வருஷத்துக்கு 18,000 டாலர் சம்பாதித்தவர், கட்டடக்கலை நிபுணர் ஒருவரின் அலுவலகத்தில் 4,400 டாலருக்கு வரைபடம் வரைபவராக அமர்ந்தார். அனுமதி போய் ஆறு வருஷம் கழித்து, 1959 ஜூனில், வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ந்தது. முகம் தெரியாத சாட்சியின் சொல்லைக்கொண்டு ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸோ ஜனாதிபதியோ பாதுகாப்பு இலாகாவுக்குத் தெளிவாக அளிக்கவில்லை என்று பிரதம நீதிபதி வாரன் எழுதினார். மறு வருஷம் பிப்ரவரியில், குற்றச்சாட்டின் காரணங்களை எழுத்தில் பெறவும், பதில் சொல்லவும், ஓரளவுக்குச் சாட்சிகளை விசாரிக்கவும் தொழிற்சாலை ஊழியருக்கு உரிமை தரும் உத்தரவு பிறந்தது.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன்? நீங்கள் நாளை எழுதப்போகும் நாலு வரிக் குறிப்பு ஒன்று, ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிடக்கூடும். அந்தக் குறிப்பை எழுதுமுன், பெயரும் ஊரும் சொல்லாமல், இப்படியொரு நிலைமை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பதற்கு அனுபவஸ்தர் ஒருவர் வேண்டாமா? மேலதிகாரியைக் கேட்டால் அவருக்குக் கம்பெனியின் கவலை. வக்கீலைக் கேட்டால் அவருக்கு வழக்கின் கவலை. இந்த வேலையில் நீதியாகவும் ஜாக்கிரதையாகவும் நடப்பது எப்படி என்ற கவலை உங்கள் தொழிலைச் செய்பவருக்கு மட்டுமே முழுமையாக இருக்கும்.

சங்கத்தால் வேறொரு பிரயோஜனமும் உண்டு; விதி செய்கிறவர்களிடம் ஒன்றுசேர்ந்து பேசலாம். ஒரே தொழிற்சாலை பல இலாகாக்களுக்கு வேலை செய்யும்போது ஒவ்வோர் இலாகாவும் தனித்தனி விதியும் தனித்தனிப் பரிசோதனையும் வைத்திருந்த தொல்லை அமெரிக்காவில் நெடுநாள் இருந்தது. 1993 ஜனவரி 6ஆம் தேதி மூத்த ஜார்ஜ் புஷ் பிறப்பித்த உத்தரவு, எல்லாருக்கும் பொதுவான தொழிற்சாலைக் காப்புத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியதோடு, தொழில்துறைப் பிரதிநிதிகளும் அரசாங்கத்தாரும் சேர்ந்து உட்காரும் ஆலோசனைக் குழு ஒன்றையும் அமைத்தது. விதி செய்கிறவர்களின் காதில், விதியைச் சுமக்கிறவர்களின் குரல் முறையாக விழுவதற்கு அதனால் வழி ஏற்பட்டது. ஒற்றை ஆள் எழுதும் விண்ணப்பத்துக்கு இந்த வலிமை வராது.

மற்றச் சங்கங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைக் காவலுக்கென்று 1955இல் அமெரிக்காவில் தோன்றி இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருப்பது ஏஸிஸ். கணிப்பொறிக் கணக்குகளைத் தணிக்கை செய்வோர் 1969இல் தொடங்கியது இஸாகா, அதற்குச் சென்னையிலும் கிளை உண்டு. ஒவ்வொன்றும் பரீட்சை வைத்துப் பட்டமும் தருகிறது. பட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை; அதற்காகப் படிக்கும் படிப்பு நல்ல படிப்பு. ஆனால் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துச் சேர்ப்பதற்காகவே சந்தா கட்டி, கிளைக் கூட்டத்தின் பக்கமே தலைகாட்டாதவர்கள் சங்கத்தில் சேர்ந்ததாக நான் ஒப்பமாட்டேன். கணிப்பொறியைக் காப்பவர் ஒரு சங்கம், கதவைக் காப்பவர் வேறு சங்கம் என்று பிரிந்து நிற்பதும் எனக்கு உவப்பில்லை. 2015இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஊழியர் நிர்வாக அலுவலகத்துக் கணிப்பொறிகளிலிருந்து, ரகசிய அனுமதிக்காக மனிதர்கள் தங்கள் கடனையும் வியாதியையும் உறவையும் ஒளிக்காமல் எழுதிக்கொடுத்த பத்திரங்கள் உட்பட, 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்கள் களவு போனது தெரியவந்தது. 56 லட்சம் பேரின் கைரேகையும் போயிற்று. இரும்புப் பெட்டகத்தின் முன் எத்தனை அட்டை தொங்கவிட்டும், பெட்டகத்தின் உள்ளே இருக்க வேண்டியது கம்பி வழியாக வெளியேறிவிட்டது.

நம் ஊருக்கு வருகிறேன். பாதுகாப்புத் தளவாடம் செய்ய உரிமம் பெறும் தனியார் தொழிற்சாலைகளுக்கென்று, பாதுகாப்பு உற்பத்தித் துறை 2014இல் ஒரு காப்புக் கையேட்டை வெளியிட்டது. 2019இல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்திருக்கின்றன. பம்பும் வால்வும் செய்துகொண்டிருந்த பட்டறைகளுக்கு ஏவுகணையின் உதிரிப் பாகத்துக்கு ஆர்டர் வரும். அப்போது அந்த வரைபடத்தை யார் காப்பார்? சிறு கம்பெனிகளில் பெரும்பாலும் இதற்கென்று தனி ஆள் இருப்பதில்லை. ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, கேட் ரிஜிஸ்டர் பார்ப்பது எல்லாம் செய்கிற ஒருவர் தலையில் இதுவும் விழும். சூப்பர்வைசர் வரைபடத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் டர்னருக்கு அனுப்புகிற வழக்கத்தை அவர் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வேலை தாமதமாகிறது என்று முதலாளி முகம் சுளிப்பார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் இதே இக்கட்டைத் தாண்டி வந்த ஒருவரைத் தெரிந்திருந்தால், மெஷின் அருகிலேயே ஒரு திரையை வைத்து வரைபடத்தைக் காட்டலாம், போனைக் கேட்டிலேயே வாங்கி வைக்கலாம் என்று பத்து நிமிஷத்தில் யோசனை கிடைத்துவிடும்.

எதைப் பேசலாம் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டுவிட்டேன். முறையைப் பேசலாம், பொருளைப் பேசலாகாது. அட்டையை எப்படிச் சரிபார்ப்பது என்று பேசலாம். பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது, எத்தனை பெட்டகம் இருக்கிறது, எந்தக் கதவுக்கு என்ன பூட்டு, எவருக்கு எந்த அனுமதி என்பதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. நடந்த தவற்றைச் சொல்லும்போது ஊர், பெயர், ஒப்பந்தம் மூன்றையும் கழித்துவிட்டுச் சொல்ல வேண்டும். யாரேனும் இந்த எல்லைக்கு அப்பால் அன்பாகக் கேட்டால், மறுநாளே உங்கள் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்; கேட்டவர் யோக்கியராக இருந்தால் அவருக்கு அதனால் கெடுதல் இல்லை.

கடைசியாக, முதலாளிகளாக வந்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் காப்பு அதிகாரியின் சங்கச் சந்தாவை அவருடைய சட்டைப் பையிலிருந்து கட்டச் சொல்லாதீர்கள். பூட்டுக்கும் காமிராவுக்கும் பணம் ஒதுக்கும் அதே கணக்கில் அதையும் எழுதுங்கள். கிளைக் கூட்டம் நடக்கும் நாளில் அவருக்கு அரை நாள் டூட்டி விடுப்புக் கொடுத்து, அந்த அரை நாளுக்கு அவருடைய ஸ்தானத்தில் யார் இருப்பார் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். பல கம்பெனிகளில் அப்படி இருக்கத்தக்க இரண்டாவது ஆள் ஒருவரும் இல்லை என்பது, அந்தக் காகிதத்தை எழுத உட்காரும்போதுதான் தெரியவரும்.